ஒழுங்கின்மை எல்லாம் ஒரே ரகமல்ல



தஞ்சாவூரில் உட்கார்ந்து ஒரு மடிக்கணினியை வைத்தே செய்யலாம் என்று, அணுச் சங்கிலியில் எலெக்ட்ரான் அலை பரவுமா முடங்குமா என்று கணக்கிடும் இந்தத் துறையை எடுத்திருக்கிறாய். நல்ல கணக்குத்தான். ஆனால் 'எலெக்ட்ரான் முடங்கிவிட்டது' என்று அவசரப்பட்டு எழுதாதே.

படிக அணிக்கோவையில் தாறுமாறு மிகுந்தால் எலெக்ட்ரான் அலை ஓரிடத்திலேயே முடங்கும் என்று 1958இல் இயற்பியலாளர் ஆண்டர்சன் சொன்னார். ஒற்றைப் பரிமாணத்திலும் இரு பரிமாணத்திலும் சிறு தாறுமாறே அதற்குப் போதும் என்று 1979இல் அவரும் நம் டி.வி.ராமகிருஷ்ணனும் வேறு இருவரும் வாதிட்டார்கள். உன் சங்கிலி அந்த ரகமல்ல. கயிறு பிடித்து நட்ட வயலும் இல்லை, கைவிதைப்பும் இல்லை. அதற்கு விதி உண்டு. ஆனால் ஒரே கட்டம் திரும்பத் திரும்ப வராது.

நீண்ட துண்டை நெடில் (நெ) என்றும் குட்டைத் துண்டைக் குறில் (கு) என்றும் வைத்து, ஒரு நெடிலில் தொடங்கி, ஒருமுறை கையால் எழுதிப் பார். நெடில் வரும் இடத்தில் நெடில்-குறில் போடு. குறில் வரும் இடத்தில் நெடில் போடு. நெ, நெகு, நெகுநெ, நெகுநெநெகு... நீளம் 1, 2, 3, 5, 8 என்று ஏறும். நெடிலுக்கும் குறிலுக்கும் உள்ள விகிதம் பொன்விகிதத்தை நெருங்கும். இந்த ஃபிபனாச்சி சங்கிலியில் அலை முழுக்கப் பரவுவதுமில்லை, முடங்குவதுமில்லை. கோமோட்டோ, கடனாஃப், டாங் மூவரின் 1983ஆம் ஆண்டுக் கட்டுரையை முதலில் படி.

ஆப்ரி-ஆந்த்ரே மாதிரி (1980) வேறு. அதில் கோசைன் மேடுபள்ளத்தின் வலிமை தாவல் ஆற்றலைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டும்வரை எல்லா நிலைகளும் பரவும். தாண்டினால் எல்லாமே முடங்கும். சிக்கல் அந்த எல்லையில்தான். எல்லைக்கு 1 சதவீதம் மேலே நின்றால் முடங்கல் நீளம் ஏறக்குறைய 100 அணு. 144 அணுச் சங்கிலியில் அதைப் பார்த்து என்ன தீர்ப்புச் சொல்வாய்? 144, 610, 2584 மூன்று நீளங்களுக்கும் பங்கேற்பு எண்ணை, அதாவது அலை ஏறக்குறைய எத்தனை அணுக்களில் விரிந்திருக்கிறது என்பதை, கணக்கிடு. நீளத்தோடு நேர்விகிதத்தில் ஏறினால் பரவல். ஏறாமல் நின்றால் முடக்கம். இரண்டுக்கும் நடுவே அடுக்குவிதிப்படி மெல்ல ஏறினால் இடைநிலை. முனைகளில் ஒட்டிக்கொள்ளும் நிலைகளும் முடக்கம் போலவே காட்டும். எண்ணை மட்டும் நம்பாமல் அலையையே வரைந்து பார்.

இதெல்லாம் வெறும் கணிதம் என்று யாராவது சொன்னால், உன் சங்கிலியைப் போலவே விதி உண்டு, ஆனால் ஒரே கட்டம் திரும்ப வராத அலுமினியம்-செம்பு-இரும்பு குவாசிப்படிகத்தைக் காட்டு. சாதாரண உலோகத்தில் குறைகளை நீக்கினால் மின்தடை குறையும். இதிலோ குறை நீங்க நீங்க மின்தடை கூடுகிறது. இங்கே எலெக்ட்ரானைத் தடுப்பது தாறுமாறல்ல, அந்த ஒழுங்கேதான்.

அடுத்து நீ அனுப்பும் வரைபடத்தில் மூன்று நீளங்களும் இருக்கட்டும். ஒன்றை மட்டும் அனுப்பினால் படிக்காமலே திருப்பி அனுப்புவேன்.