நெற்பயிரின் பருவமும் நீரின் அளவும்

குடகு மலையில் தோன்றும் காவிரி, 1934ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற மேட்டூர் அணையில் தேங்கி, பின்னர்க் கல்லணையை அடைகின்றது. ஆங்குக் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிந்து தஞ்சை வளநாட்டின் வயல்களில் பாய்கின்றது. நீர் இருப்புப் போதுமாயின் ஜூன் 12ஆம் நாள் மேட்டூர் அணையைத் திறப்பது வழக்கம்.

நெல் நீரிலேயே வாழும் பயிர் என்றும், வயலில் எந்நாளும் நீர் நிறைந்திருத்தல் வேண்டும் என்றும் பலர் கருதுவர். அது பொருந்தாது. பருவத்திற்குப் பருவம் நெல்லின் வேட்கை வேறுபடும்.

நாற்று நட்ட சில நாள்கள்வரை இரண்டு செண்டிமீட்டர் நீர் போதும். ஆழமாக நிறுத்தினால், வேர் பற்றாத நாற்று மிதந்துவிடும். பச்சை பிடித்துத் தூர் கட்டும் பருவத்திலும் மிகுநீர் ஆகாது, தூர்கள் குறையும். தேங்கிய நீர் களையை அடக்கும் என்பது உண்மையே. ஆயினும், கட்டிய நீர் வற்றிய மறுநாள் ஐந்து செண்டிமீட்டர் அளவிற்குப் பாய்ச்சினால் போதும் என்பது வேளாண்மை வல்லுநர் கருத்து. மண்ணுக்குள் நீர் எவ்வளவு இறங்கியுள்ளது என்பதை அறிய, துளையிட்ட குழாயொன்றை வயலில் புதைத்து வைப்பதும் உண்டு.

இனி, பொதி கட்டும் பருவத்தைக் காண்போம். அப்பொழுது கதிர் வெளியே தோன்றாது. தாளின் உறைக்குள் மறைந்து வளரும். பின்னர்க் கதிர் வெளிப்பட்டுப் பூக்கும். நெற்பூ ஒவ்வொன்றும் ஒரே நாளில், ஒரு மணி நேரமோ சற்றுக் கூடுதலாகவோதான் விரிந்திருக்கும். அந்நாள்களில் நிலம் காய்ந்தால் மகரந்தம் பழுதுபடும். மணியாக வேண்டியது பதராகும். பிறகு ஆறே பெருகி வந்தாலும் பதர் நெல்லாகாது. தூர் கட்டுங்கால் சிறிது வாடிய பயிர் தேறிவிடும். பூக்குங்கால் வாடிய பயிரோ தேறுவதில்லை.

2012ஆம் ஆண்டில் உழவர் இதனை நெஞ்சு பதைக்கக் கண்டனர். ஜூனில் அணை திறக்கப்பெறவில்லை. செப்டம்பர் 17ஆம் நாள்தான் சம்பாவிற்கு நீர் வந்தது. வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. 2013 பிப்ரவரியில், கதிர் முற்றாத பயிர்கள் நீரின்றி நின்றன. உச்ச நீதிமன்றம் வல்லுநரை அனுப்பி வயல்களைப் பார்வையிடச் செய்தது, பின்னர் 2.44 ஆயிரம் மில்லியன் கனஅடி நீரைக் கருநாடகம் விடுதல் வேண்டும் என ஆணையிட்டது. மேட்டூர் அணையின் கொள்ளளவு 93.47 ஆயிரம் மில்லியன் கனஅடி. அதனோடு ஒப்பிட இந்நீர் மிகச் சிறிதே. எனினும், பால் பிடித்து நிற்கும் பயிருக்கு ஒரு நனைப்பும் பெரிது. முன்னரே பதராகிவிட்ட கதிரை மட்டும் எந்நீராலும் மீட்க இயலாது.

மணி முற்றியபின் பயிர் நீரை வேண்டாது. அறுவடைக்கு ஏறத்தாழப் பதினைந்து நாள்களுக்கு முன்பே மடையை அடைத்து, வடிவாய்க்காலைத் திறந்துவிடுவர். கதிர்கள் ஒருசேர முற்றும். நிலமும் இறுகி, அறுவடை இயந்திரம் இறங்க இடம் கொடுக்கும்.