விமானம் குலுங்கினால்... பெல்ட்தான் துணை!

காயல்பட்டினத்து உம்மாமார் பலர், பிள்ளைகளைப் பார்க்க துபாய், ஹாங்காங் என்று பறக்கிறார்கள். நடுவானில் குலுங்கியதும், 'விழுந்துடுமோ?' என்று நெஞ்சு படபடக்கும். பயம் வேண்டாம். காற்றின் குலுக்கலைத் தாங்கும்படிதான் விமானத்தைத் தயாரிக்கிறார்கள். அடிபடுவது பெரும்பாலும் பெல்ட் போடாதவர்களே.

2024 மே 21. லண்டனிலிருந்து வந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் மியன்மாருக்கு மேலே குலுங்கியது. பெல்ட் விளக்கு எரிந்த சில நொடிகளில், 4.6 விநாடிக்குள் 178 அடி இறங்கியது. பெல்ட் போடாதவர்கள் மேலே தூக்கி எறியப்பட்டு விழுந்தார்கள். பலருக்கு முதுகுத்தண்டில் காயம். ஒருவர் இறந்தார்.

விமானம் திடீரென இறங்கும்போது, கட்டப்படாத உடம்பு கூடவே இறங்காது. தலை கூரையில் மோதும். மேகமில்லாத வானத்திலும் இப்படிக் குலுங்கலாம். அது விமான ரேடாரில் தெரியாது.

என்ன செய்யலாம்?

* விளக்கு அணைந்தாலும், தூங்கினாலும் பெல்ட்டைக் கழற்றாதீர்கள்.

* கர்ப்பிணிகள் வயிற்றுக்குக் கீழே, தொடையை ஒட்டிப் போடவேண்டும்.

* மடிக்குழந்தையை உங்கள் பெல்ட்டுக்குள் சேர்த்துக் கட்டாதீர்கள்; நசுங்கிவிடும். குழந்தை பெல்ட் உண்டா என்று பணிப்பெண்ணிடம் கேளுங்கள்.

* குலுங்கும்போது சூடான டீ, காபி வேண்டாம்.

ஒரு 'க்ளிக்' சத்தம்தான். மறக்காதீங்க!