பழைய கடிதங்களும் புதிய கணினியும்



ஆண்டு முடிவில் பழைய பேரேட்டை மூடும்போது, முன்பாக்கியைப் புதிய பேரேட்டில் ஏற்றிச் சரிபார்க்காமல் பழையதைப் பரண்மீது போடும் கடைக்காரர் நம்மில் எவருமில்லை. ஆனால் கணினி மாற்றும்போது மட்டும் அந்த நிதானம் நம்மிடம் இருப்பதில்லை. விண்டோஸ் 10-க்கு வழக்கமாகக் கிடைத்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் நின்றுவிட்டபடியால், கணினி மாற்றும் வேலை நம்மில் பலருக்கு வந்திருக்கிறது. ஆகவே இதை எழுதுகிறேன்.

முன்பு நான் கணினி மாற்றியபோது, பழையதை ஒரு பழுதுபார்ப்பவரிடம் கழித்துக் கொடுத்தேன். அவர் அதிலிருந்ததைத் துடைத்து விற்றுவிட்டார். இரண்டு மாதம் சென்று ஒரு சரக்கின் விலையில் தகராறு வந்தது. பேசி முடித்த விலையை அனுப்பியவர் எழுதிய மின்னஞ்சல் பழைய கணினியில்தான் இருந்தது. காட்டுவதற்குக் கடிதமில்லை; கேட்ட பணத்தைக் கொடுத்தேன். தவறு என்னுடையதே.

முதலில் அறியவேண்டியது யாதெனில், நம் கடிதம் எங்கே இருக்கிறது என்பதே. இதில் இரு வகை உண்டு. 'ஐமேப்' வகையில் கடிதம் தபாலாபீசாகிய சர்வரிலேயே இருக்கும். நம்மிடம் இருப்பது நகல். புதிய கணினியில் முகவரியையும் கடவுச்சொல்லையும் கொடுத்தால் எல்லாம் வந்துவிடும். 'பாப்' வகையிலோ கடிதம் நம் கணினிக்கு வந்திறங்கியபின், பெரும்பாலும் சர்வரிலிருந்து அழிக்கப்பட்டுவிடும். அப்போது கணினிதான் பெட்டகம். எந்த வகை என்பதைக் கணக்கு அமைப்புப் பக்கத்தில் காணலாம். ஐமேப் வைத்திருப்போரும் கணினியில் தனியே ஒதுக்கிவைத்த பழைய கடிதங்கள் உண்டா என்று பார்த்துக்கொள்ளவும்.

பெட்டகத்தை மாற்றும் வழி இது. கிளாசிக் அவுட்லுக் உபயோகிப்போர், 'ஃபைல்' என்பதில் 'ஓப்பன் அண்டு எக்ஸ்போர்ட்' சென்று, கடிதங்களை ஒரு பி.எஸ்.டி. கோப்பாக எடுக்கவேண்டும். மேல் உறையைத் தேர்ந்து, உள் உறைகளையும் சேர்க்கும் கட்டத்தில் குறியிட மறக்கக்கூடாது. புதிய கணினியின் கிளாசிக் அவுட்லுக்கில் அதே இடத்திலிருந்து 'இம்போர்ட்' செய்யலாம். ஓ.எஸ்.டி. என்ற கோப்பு சர்வரின் நகல் மட்டுமே. அதைத் தூக்கிச் செல்வதில் பயனில்லை. தண்டர்பேர்டு உபயோகிப்போர், அதை மூடிவிட்டு அதன் 'புரொஃபைல்' உறையை முழுவதாக நகலெடுக்கவேண்டும். உறை இருக்குமிடத்தை உதவிப் பட்டியலிலுள்ள 'ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' காட்டும்.

பென்டிரைவில் ஒரு சங்கடம் உண்டு. 'ஃபாட் 32' முறையில் அமைந்த பென்டிரைவ், 4 ஜிகாபைட்டை எட்டும் ஒரே கோப்பை ஏற்காது. பல ஆண்டுக் கடிதங்கள் எளிதில் அந்த அளவை எட்டும். 'எக்ஸ்ஃபாட்' முறையில் அமைந்ததைக் கொண்டுசெல்க.

நகலெடுத்ததோடு வேலை முடிந்ததென்று எண்ணவேண்டாம். ஒவ்வோர் உறையிலும் கடித எண்ணிக்கை இரு கணினியிலும் ஒத்திருக்கிறதா என்று பார்க்கவும். மிகப் பழைய கடிதம் ஒன்றையும், இணைப்புள்ள பில் ஒன்றையும் திறந்து பார்க்கவும். வந்த கடிதங்களைப் பார்ப்பவர் பலர், அனுப்பிய கடிதங்களை மறந்துவிடுகிறார்கள். நாம் கொடுத்த வாக்கு அங்கேதான் இருக்கிறது. முகவரிப் புத்தகமும் வந்ததா என்று பார்க்கவும்.

வருமான வரிக்காக வணிக ஆவணங்களை மலேசியாவில் 7 ஆண்டுகளும், சிங்கப்பூரில் 5 ஆண்டுகளும் காப்பாற்ற வேண்டும். மின்னஞ்சலில் வந்த பில்லும் அதில் அடங்கும். ஆகையால் ஒரு நகலைத் தனி டிஸ்க்கில் எடுத்து, பூட்டிவைத்துக்கொள்ளவும். பழைய கணினியை மூன்று மாதமாவது கடையிலேயே வைத்திருங்கள். முன்பாக்கி ஏறியது நிச்சயமான பிறகு, அதை நன்றாகத் துடைத்துவிட்டுக் கைமாற்றலாம்.