தெலோனியஸ் மங்க்: இளமையும் முதல் இசைத்தட்டுகளும்

1941ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜெர்ரி நியூமன் என்றொரு மாணவர் இருந்தார். ஒலியை நேரே தட்டில் பதிக்கும் கருவி ஒன்றை அவர் வைத்திருந்தார். இரவானால் அதைத் தூக்கிக்கொண்டு கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெம் பகுதிக்குப் போய்விடுவார். அங்கே 118ஆம் தெருவில், செசில் ஹோட்டல் கட்டடத்தில், ‘மின்டன்ஸ் பிளேஹவுஸ்’ என்ற விடுதி இருந்தது. பெரிய வாத்தியக் குழுக்களில் வேலை முடிந்த கலைஞர்கள் அங்கு கூடித் தம் மனம் போனபடி வாசிப்பார்கள். அந்த விடுதியின் பியானோக்காரராக இருந்த தெலோனியஸ் மங்க்கின் வாசிப்பு நமக்கு முதன்முதலில் கேட்பது நியூமனின் தட்டுகளில்தான். அம்மாணவருக்கு இந்தப் பித்து இல்லாதிருந்தால் அந்த இரவுகள் காற்றோடு போயிருக்கும். அவர் பரீட்சைக்கு எப்போது படித்தாரோ!

ஜாஸ் என்றதும் காதைப் பொத்திக்கொள்ளும் அன்பர்கள் நம் சங்கத்திலேயே உண்டு. கர்நாடக இசை கேட்டுப் பழகிய காதுக்கு அது ஒத்துவராது என்பது அவர்கள் முடிவு. என் எண்ணம் வேறு. மங்க்கைப் பொறுத்தவரை, அமெரிக்க ரசிகர்கள் பலரும் புரிந்துகொள்ளத் திணறிய ஒன்றை நாம் எளிதாகப் பிடித்துக்கொள்ள முடியும். அது எது என்பதற்குமுன் அவர் வரலாற்றைச் சிறிது பார்ப்போம்.

மங்க் பிறந்தது 1917 அக்டோபர் 10ஆம் நாள், வடக்குக் கரோலினா மாநிலத்து ராக்கி மவுன்ட் என்ற ஊரில். 1922இல் குடும்பம் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்து 63ஆம் தெருவில் தங்கியது. உடல்நலம் குன்றிய தந்தை சில ஆண்டுகளில் தெற்கே திரும்பிவிட, மூன்று பிள்ளைகளை ஆளாக்கும் பொறுப்பு தாய் பார்பராவின் தலையில் விழுந்தது. பியானோ பாடம் தமக்கை மேரியனுக்குத்தான். பக்கத்தில் நின்று பார்த்தே தம்பி கற்றுக்கொண்டான் என்பர். பிறகு ஆஸ்திரியாவில் பிறந்த சைமன் வுல்ஃப் என்னும் ஆசிரியரிடம் முறையாகவும் பயின்றான். ஆகவே, மங்க்குக்குப் பயிற்சி போதாது என்று பிற்காலத்தில் சிலர் சொன்னது பொருந்தாது. ஸ்டைவசன்ட் என்ற பெயர்பெற்ற உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தும் படிப்பை முடிக்கவில்லை. பதினேழு வயதளவில் ஒரு கிறிஸ்தவப் பிரசங்கியின் குழுவோடு புறப்பட்டு, ஊர் ஊராகப் பியானோ வாசித்துத் திரிந்தார்.

மின்டன்ஸ் விடுதி நாள்களில்தான் பின்னாளில் ‘பீபாப்’ எனப் பெயர்பெற்ற புதுப் பாணி உருவாயிற்று. டிரம் வாசித்த கென்னி கிளார்க், டிரம்பெட் வாசித்த டிசி கில்லெஸ்பி முதலியோர் அங்கே வருவர். அவர்களுக்கெல்லாம் புகழ் வந்தது, இசைத்தட்டுகள் வந்தன. மங்க்குக்கு வரவில்லை. 1944 ஆகஸ்டில் கூட்டி வில்லியம்ஸ் தம் குழுவுடன் ‘ரவுண்ட் மிட்நைட்’ என்ற பாட்டைப் பதித்தார். இயற்றியவர் மங்க், ஆனால் உரிமையில் வில்லியம்ஸின் பெயரும் சேர்ந்துகொண்டது. அதே ஆண்டு அக்டோபரில் சாக்சபோன் மேதை கோல்மன் ஹாக்கின்ஸ் தம் குழுவில் சேர்த்துக்கொண்டதால் மங்க் முதன்முதலாக ஒலிப்பதிவுக் கூடத்தில் அமர்ந்தார். நான்கு பாட்டுகள். பிறகு மூன்றாண்டு மௌனம்.

1947இல் ஐக் குவிபெக் என்ற சாக்சபோன் கலைஞர், ‘புளூ நோட்’ கம்பெனியை நடத்திவந்த ஆல்ஃபிரட் லயன், ஃபிரான்சிஸ் வுல்ஃப் என்னும் இரு பெர்லின் நண்பர்களை மங்க்கிடம் அழைத்துச் சென்றார். முப்பது வயது நிறைந்த ஐந்தாம் நாள், அக்டோபர் 15இல், தம் பெயரிலான முதல் ஒலிப்பதிவுக்கு மங்க் உட்கார்ந்தார். அக்டோபர் 24, நவம்பர் 21 ஆகிய நாள்களிலும் பதிவு தொடர்ந்தது. ஆக மூன்று அமர்வுகளில் பதினான்கு பாட்டுகள். ஒவ்வொன்றும் மூன்று நிமிடம் அளவே. அக்காலத்து 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கம் அவ்வளவுதான் கொள்ளும்.

முதல் நாள் பதித்தவற்றுள் ‘தெலோனியஸ்’ என்ற பாட்டை நண்பர்கள் ஒருமுறை கேட்கவேண்டும். அதன் மெட்டு ஏறக்குறைய ஒரே ஒரு சுரம். அதையே திரும்பத் திரும்பத் தட்டுகிறார். கீழே மற்ற சுரக்கூட்டுகள் இறங்கி நகர்ந்துகொண்டே இருக்கின்றன. நம் கச்சேரியில் தம்பூரா அடியில் அசையாமல் நிற்க, ராகம் மேலே உலவும். இங்கே அசையாதது மேலே நிற்கிறது, உலவுவது அடியில். தலைகீழாகக் கட்டிய வீடு போலிருக்கிறது, ஆனால் விழுவதில்லை!

இனி நான் சொல்லவந்த செய்தி. குரலும் வயலினும் வீணையும் ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும்; சுரத்தை அசைக்கும். பியானோவுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. ஒரு கட்டையை அழுத்தினால் அந்த ஒலி, அடுத்த கட்டையை அழுத்தினால் அடுத்த ஒலி. நடுவே வெற்றிடம். ஹார்மோனியத்தின்மீது நம் வித்துவான்கள் சொன்ன குறை இதுவே. 1940இல் அகில இந்திய வானொலி அந்தப் பெட்டியை விலக்கி வைத்ததற்கும் இக்குறை ஒரு காரணம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் ‘புளூஸ்’ பாட்டோ அந்த இடைவெளியில் வாழ்வது. நம் முறையில் சொன்னால், சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே எங்கோ குரல் நிற்கும். கட்டைகளுக்கு நடுவே இருக்கும் சுரத்தைப் பியானோவில் எப்படிக் கொண்டுவருவது?

மங்க் இரண்டு கட்டைகளையும் ஒருசேர அடித்தார். சில வேளை ஒன்றை உடனே விட்டுவிட்டு மற்றதை மட்டும் ஒலிக்கவிடுவார். இரண்டும் உரசும்போது, பியானோவில் இல்லாத அந்த நடுச்சுரத்தின் நிழல் காதில் விழுகிறது. இதைத்தான் பலர் ‘தவறான கட்டையில் விரல் பட்டுவிட்டது’ என்று எண்ணினர். ஒரே உரசலை ஒரே இடத்தில் மறுபடி மறுபடி வைப்பவன் தவறிவிட்டவன் ஆவானா? கமகத்தில் ஊறிய நமக்கு இது தோன்றுவதுபோல அவர்களுக்குத் தோன்றவில்லை. மற்ற பியானோக்காரர்கள் விரலோட்டத்தால் நிரப்பும் இடங்களை மங்க் வெறுமையாக விட்டதும் கைத்திறன் இன்மையாகவே கொள்ளப்பட்டது.

லயனின் மனைவி லொரெய்ன் தட்டுகளைத் தாமே எடுத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினார். இந்த ஆளுக்கு இரண்டுமே இடக்கை என்று ஹார்லெம் கடைக்காரர் ஒருவர் சொன்னதைப் பின்னாளில் அவர் நினைவுகூர்ந்தார். தட்டுகள் விற்கவில்லை. ஆயினும் கம்பெனி 1948இலும் 1951இலும் மீண்டும் மங்க்கை அழைத்தது. 1948 ஜூலையில் மில்ட் ஜாக்சனுடன் பதித்த ‘மிஸ்டீரியோசோ’ மாடிப்படி ஏறுவதுபோல ஒரே சீராக நடக்கும் புளூஸ். புதிதாகக் கேட்பவர்கள் அங்கிருந்தே தொடங்கலாம்.

1951 ஆகஸ்டில் ஓர் இடி விழுந்தது. நண்பரும் பெரும் பியானோ கலைஞருமான பட் பவலுடன் காரில் இருந்தபோது போலீசார் போதைப்பொருள் கண்டெடுத்தனர். நண்பருக்கு எதிராக வாய் திறக்க மங்க் மறுத்துவிட்டார். அறுபது நாள் சிறை. அதைவிடக் கொடிது, போலீசார் வழங்கும் அனுமதி அட்டை பறிபோனது. அக்காலத்தில் அந்த அட்டை இல்லாமல் நியூயார்க்கில் மது விற்கும் எந்த விடுதியிலும் வாசிக்க முடியாதிருந்தது. ஜாஸ் நடப்பதோ அத்தகைய விடுதிகளில்தான். ஏறத்தாழ ஆறாண்டுகள் தம் சொந்த ஊரில் வேலையற்றவராக இருந்தார். மனைவி நெல்லியின் சம்பாத்தியத்தில் வீடு ஓடியது. விற்கும்படியாக வாசித்துத் தொலைத்தால் என்ன என்று நம்மில் யாருக்கும் அந்நிலையில் தோன்றும். அக்காலத்துத் தட்டுகளைக் கேட்டால் உரசல் குறையவில்லை, வெறுமையும் நிரம்பவில்லை.

1952இல் ‘பிரஸ்டீஜ்’ கம்பெனிக்கு மாறினார். 1955இல் ‘ரிவர்சைடு’ அவரை விடுவித்து எடுத்துக்கொண்டபோது பழைய கம்பெனிக்குத் தரவேண்டியிருந்த பாக்கி 108 டாலர் 27 சென்ட். அந்தத் தொகைக்கு மங்க் கைமாறினார்! அடுத்த ஆண்டு ‘பிரில்லியன்ட் கார்னர்ஸ்’ என்ற பாட்டைப் பதிக்கையில் தேர்ந்த கலைஞர்களே இருபத்தைந்து முறை முயன்றும் ஒருமுறைகூட முழுதாக முடிக்க முடியவில்லை. நாடாவை வெட்டி ஒட்டித்தான் வெளியிட்டார்கள்.

1957இல் அட்டை திரும்பக் கிடைத்தது. ‘ஃபைவ் ஸ்பாட்’ விடுதியில் ஜான் கோல்ட்ரேனுடன் மாதக்கணக்கில் வாசித்தார், கூட்டம் திரண்டது. அந்த நவம்பரில் கார்னெகி மண்டபத்தில் இருவரும் வாசித்ததைப் பதித்த நாடா, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் கவனிப்பாரற்றுக் கிடந்து 2005இல் அகப்பட்டது. அதில் முதலில் கேட்பது ‘மங்க்ஸ் மூட்’. 1947 நவம்பரில் புளூ நோட்டுக்காகப் பதித்து, வாங்க ஆளில்லாமற் கிடந்த அதே பாட்டு.