சார்ட் வாங்கும் முன் பீரோவைத் திறங்கள்

முப்பது பிள்ளைகள் படிக்கும் அரசுத் தொடக்கப்பள்ளிக்கு ஆண்டுப் பள்ளி மானியம் 10,000 ரூபாய். இன்னும் ஒரே ஒரு பிள்ளை சேர்ந்து 31 ஆகிவிட்டால் 25,000. நூறு பிள்ளைகள் வரை அதே 25,000தான். 101 முதல் 250 வரை 50,000. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் விதி இது. தலைக்கு எவ்வளவு என்று வகுத்தால் முப்பது பேர் பள்ளியில் 333 ரூபாய், 31 பேர் பள்ளியில் 806, நூறு பேர் பள்ளியில் 250. இதிலும் பத்து சதவீதத்துக்குக் குறையாமல் தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். அப்புறம் குழாய், மின்விசிறி, பதிவேடுகள், பினாயில். சர்வ சிக்ஷா அபியான் காலத்தில் ஆசிரியர் ஒருவருக்கு ஆண்டுக்கு 500 ரூபாய், கற்பித்தல் துணைக்கருவிகளுக்கான 'டி.எல்.எம். பணம்' என்று தனியாக வந்துகொண்டிருந்தது. இன்று பள்ளிக்கென்று மொத்தமாக வரும் மானியத்தில்தான் உங்கள் வகுப்புக்கான பங்கைக் கேட்டு வாங்க வேண்டும். 2024-25இல் ஒன்றிய அரசு தன் பங்கை நிறுத்திவைத்ததுபோல நடந்தால், அதுவும் எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

ஆக, கைக்கு வருவது சொற்பம். அதைச் செலவழிக்க என்னிடம் உள்ள அளவுகோல் ஒன்றுதான்: வாங்கப்போகும் பொருளை எத்தனை பிள்ளைகளின் கை தொடும், எத்தனை நாள் தொடும்? சுவரில் ஏறி உட்கார்ந்துகொள்ளும் பொருளுக்கு இந்தக் கேள்வியில் எப்போதும் மதிப்பெண் குறைவு. ஜிகினா ஒட்டிய சார்ட்டை அதிகாரி பார்வைக்கு வரும்போது பார்ப்பார். பிள்ளைகள் முதல் வாரத்தோடு பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள்.

கடைக்குப் போகும் முன் பீரோவைத் திறங்கள். பூட்டின் சாவி யாரிடம் என்றே தெரியாத பீரோ ஒன்று பெரும்பாலான பள்ளிகளில் இருக்கிறது. செயல்வழிக் கற்றல் காலத்து அட்டைகள், கணிதப் பெட்டி, ஆணிமணிச் சட்டம், 'புத்தகப் பூங்கொத்து' நூல்கள், வாசிப்பு இயக்கத்தில் வந்த நுழை, நட, ஓடு, பற புத்தகங்கள் என்று அதற்குள் ஒரு தலைமுறையே அடங்கிக் கிடக்கும். பழைய அட்டையின் சின்னம் இன்றைய பாடத்துக்குப் பொருந்தாவிட்டால் என்ன, அதிலுள்ள எழுத்தும் எண்ணும் அதேதானே. ஒரு மதியம் உட்கார்ந்து, இருப்பதை ஒரு தாளில் எழுதுங்கள். பாடநூல், நோட்டு, கிரேயான், வண்ணப் பென்சில் என அரசு விலையில்லாமல் தருவதையும் பக்கத்தில் எழுதுங்கள். இந்த இரண்டு பட்டியலிலும் இல்லாததுதான் வாங்க வேண்டியது. தானாக வரப்போகும் கிரேயானைத் தன் கைக்காசில் முந்திக்கொண்டு வாங்குவது நம் ஆசிரியர்களுக்கே உரிய பெருந்தன்மை. அது வேண்டாம்.

சத்தமில்லாமல் பணம் கரைவது ஜெராக்ஸில்தான். முப்பது பிள்ளைகளுக்கு வாரம் மூன்று பயிற்சித்தாள், ஆண்டுக்கு 35 வாரம் என்று வையுங்கள். 3,150 பிரதி. பிரதி ஒரு ரூபாய் என்றாலும் சிறு பள்ளியின் மானியத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். போனது திரும்பாது, ஒருமுறை எழுதியதும் அந்தத் தாள் குப்பை. இதற்கு மாற்று, ஸ்டேஷனரிக் கடையில் விற்கும் ஒளி ஊடுருவும் எல்-ஃபோல்டர். பிள்ளைக்கு ஒன்று. பயிற்சித்தாளை உள்ளே செருகி, மேலே ஒயிட்போர்டு மார்க்கரால் எழுதிப் பழைய துணியால் துடைத்தால் மறுநாள் வேறு வகுப்புக்கும் அதே தாள் உதவும். பத்துத் தாள் அச்சிட்டுக் குழுக்களுக்குள் மாற்றிக்கொண்டால் முப்பது பேருக்கும் போதும். பிள்ளையின் வளர்ச்சியைக் காட்ட எழுத்தில் சான்று தேவைப்படும் நாளுக்கு மட்டும் தனிப்பிரதி எடுங்கள். லேமினேஷனும் இதே வேலையைச் செய்யும், ஆனால் கேள்வியை மாற்ற முடியாது. வீட்டில் லேமினேஷன் இயந்திரம் வாங்கி வைத்துக்கொண்டு கையில் கிடைத்ததையெல்லாம் உறை போடும் ஆசிரியர்களை நான் அறிவேன். எல்லா அட்டையும் நூறாண்டு வாழ வேண்டியதில்லை. மூன்று வருடம் ஓடும் என்று உறுதியாகத் தெரிந்ததை மட்டும் லேமினேட் செய்யுங்கள். இவை எல்லாவற்றுக்கும் மூத்தது சிலேட்டு. ஒன்றாம் இரண்டாம் வகுப்பில் இன்னும் அதை வெல்ல எதுவும் வரவில்லை என்பது என் கட்சி.

அட்டைக்குக் காசு கொடுக்காதீர்கள். ஊரில் நடக்கும் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் நூற்றுக்கணக்கில் பத்திரிகை அச்சாகிறது. அந்தக் கனத்த அட்டை எழுத்தட்டைக்கும் சொல்லட்டைக்கும் கடை அட்டையைவிட நன்றாகவே தாங்கும். ஆனால் இரண்டு பக்கமும் வெள்ளைத்தாள் ஒட்டிவிடுங்கள். பத்திரிகையில் சாதிப் பட்டங்கள் இருக்கும், எழுத்துக்கூட்டப் பழகும் பிள்ளை முதலில் அதைப் படிக்க வேண்டாம். அடுத்தது தினசரி காலண்டர். கிழித்த தாளை வீட்டுக்கு வீடு தூக்கி எறிகிறார்கள். பெரிய எழுத்தில் 1 முதல் 31 வரை அச்சிட்ட எண்ணட்டை அது. வரிசைப்படுத்த, ஒற்றை இரட்டை பிரிக்க, இரண்டை எடுத்துக் கூட்ட, பெரியது சிறியது சொல்ல என்று ஒரு பருவமே ஓட்டலாம். எண்ணுவதற்குப் புளியங்கொட்டையும் பத்துப் பத்தாகக் கட்டிய ஐஸ்குச்சியும் போதும். இடமதிப்பு சொல்லித்தர இந்தக் கட்டைவிட நல்ல கருவி விலைக்குக் கிடைப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பிரித்துக் காட்டலாம், மறுபடி கட்டலாம், கடன் வாங்கிக் கழிப்பதைக் கண்ணால் பார்க்கலாம். ஒன்றாம் வகுப்பில் மட்டும் சிறு விதைகள் வேண்டாம், மூக்கில் போகும்.

பசைக்கு மைதாக் கஞ்சி. கெடாமல் இருக்கத் துத்தம் கலக்கும் பழக்கம் போஸ்டர் ஒட்டுகிறவர்களுக்கு உண்டு. அது நஞ்சு, பிள்ளைகள் தொடும் பசையில் ஒரு சிட்டிகையும் கூடாது. அன்றன்று வேண்டியதைக் காய்ச்சினால் போதும்.

காசு கொடுத்து நல்லதாகவே வாங்க வேண்டியவையும் உண்டு. கத்தரிக்கோல் அதில் முதலாவது. மலிவானது முப்பது வாங்குவதைவிட வெட்டக்கூடியது ஆறு வாங்கி ஐந்து பேருக்கு ஒன்று கொடுக்கலாம். முனை மழுங்கியதாக இருக்கட்டும், அலகு கூர்மையாக இருக்கட்டும். கரும்பலகைப் பெயின்ட்டும் அப்படி. கடைசி வரிசைப் பிள்ளைக்கு எழுத்துத் தெரியாத வகுப்பில் வேறு எந்தத் துணைக்கருவியும் பயன்படாது. ஜூனில் பள்ளி திறக்கும் முன் ஒரு கோட் அடித்துவிட்டால் ஆண்டு முழுதும் எல்லாப் பாடத்துக்கும் உழைக்கும். என் அளவுகோலில் இதற்குத்தான் முதலிடம். தூசி குறைந்த சாக்பீஸுக்குக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுப்பதும் வீணில்லை, உங்கள் தொண்டைக்கு அது மருந்துச் செலவை மிச்சப்படுத்தும்.

கதைப் புத்தகம் போதவில்லை என்றால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாக உள்ளன. அச்சிட்டுக்கொள்ளப் பொது உரிமம் உண்டு. கறுப்பு வெள்ளையில் எடுத்து, படத்துக்கு வண்ணம் தீட்டும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்தால் வண்ண அச்சுச் செலவும் மிச்சம், ஓவிய வகுப்புக்கும் ஆயிற்று.

கேட்டு வாங்கும் முறை ஒன்று உண்டு. மானியத்தைச் செலவிடுவது தலைமை ஆசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவும். 'எனக்குப் பொருள் வேண்டும்' என்று போனால் ஒரு கட்டு சார்ட்டும் ஒரு பெட்டி ஸ்கெட்ச்சும் வரும். 'இரண்டாம் வகுப்பில் எட்டுப் பேருக்குக் கடன் வாங்கிக் கழித்தல் வரவில்லை, அதற்கு இன்னது வேண்டும், விலை இவ்வளவு' என்று குழுக் கூட்டத்தில் அம்மாக்கள் முன் சொல்லிப் பாருங்கள். அந்த எட்டில் ஒருவரின் அம்மா அங்கேயே இருப்பார், தீர்மானம் தானாக நிறைவேறும். பில்லில் 'எழுதுபொருள் வகை' என்று ஒரே வரியாக எழுத விடாதீர்கள். பொருள்வாரியாக எழுதி, தேதியும் கடையின் ஜி.எஸ்.டி. எண்ணும் இருக்கட்டும். வந்த அன்றே இருப்புப் பதிவேட்டில் ஏற்றுங்கள். தீர்ந்துபோகும் பொருளையும் நிலைத்து நிற்கும் பொருளையும் பிரித்து எழுதினால் தணிக்கையில் சாக்பீஸுக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம்.

ஊர்க்காரர்கள் மேளதாளத்தோடு கல்விச்சீர் கொண்டுவரும் வழக்கம் நல்ல வழக்கம். முன்கூட்டியே சொல்லாவிட்டால் சீர்த்தட்டில் சுவர்க்கடிகாரமாகவே வந்து நிற்கும். விழாவுக்கு ஒரு மாதம் முன்பே பட்டியல் எழுதிக் கொடுங்கள்: ஏ4 தாள் இரண்டு ரீம், சிலேட்டு முப்பது, கத்தரிக்கோல் ஆறு. சிறு தொகை கொடுக்க நினைப்பவருக்கும் அதில் ஏற்ற பொருள் இருக்க வேண்டும். பணமாகக் கையில் வாங்காதீர்கள், பொருளாக வாங்கிப் பதிவேட்டில் கொடுத்தவர் பெயரோடு எழுதுங்கள். கட்டடம், கணினி மாதிரிப் பெரிய தேவைக்கு அரசின் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' வழி இருக்கிறது. பிள்ளைகளிடம் வீட்டிலிருந்து பொருள் கொண்டுவரச் சொல்லும்போது குப்பைக்குப் போவதை மட்டும் கேளுங்கள். பாட்டில் மூடி, காலண்டர் தாள், அட்டைப்பெட்டி. கொண்டுவராத பிள்ளையின் பெயரை வகுப்பில் சொல்லவே கூடாது.

சொந்தக் காசு போடாத ஆசிரியர் அரிது, போடாதீர்கள் என்று நான் சொன்னாலும் கேட்கப்போவதில்லை. ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒரு தொகையை முடிவு செய்துகொள்ளுங்கள், வீட்டிலும் சொல்லிவிடுங்கள். வாங்குவதைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் அந்த நோட்டைக் காட்டினால், மானியத்தில் எது விட்டுப்போகிறது என்று குழுவுக்குத் தெரியும். சொந்தப் பொருளில் உங்கள் பெயரை மார்க்கரால் எழுதி வைப்பது அற்பத்தனம் ஆகாது. மாறுதல் ஆணை வரும் நாளில் எது பள்ளியுடையது, எது உங்களுடையது என்ற பேச்சுக்கே இடமிருக்காது.

மார்ச்சில் மிச்சப் பணத்தைத் தீர்க்க அவசரமாகக் கடைக்கு ஓடுவார்கள். அப்போது கெடும் பொருளை வாங்காதீர்கள். மார்க்கரும் பசையும் ஜூனுக்குள் காய்ந்துவிடும். தாள், சிலேட்டு, சாக்பீஸ் வாங்கலாம். கோடை விடுமுறைக்குப் பூட்டும்போது தாள்களை எலி எட்டாத தகரப் பெட்டியிலும், அட்டைகளைப் பாடவாரியாக ஐஸ்கிரீம் டப்பாக்களிலும் வையுங்கள். பீரோ கதவின் உட்பக்கம் இருப்புப் பட்டியலை ஒட்டி, சாவி யாரிடம் என்பதையும் அதில் எழுதி, ஒரு நகலைத் தலைமை ஆசிரியர் மேசையில் கொடுத்துவிட்டுப் போங்கள்.