பல்கலைக்கழகத்தின் தடம்: வரைபடத்தில் ஒரு தேடல்

உயர்தரப் பெறுபேறு வந்து, பல்கலைக்கழக அனுமதியும் கிடைத்துவிட்டால் நம் வீடுகளில் எழும் முதற் கேள்வி பெரும்பாலும் "என்ன பாடம்?" என்பதன்று, "எங்கே?" என்பதே. எவ்வளவு தூரம், எத்தனை பஸ் மாற வேண்டும், விடுதி கிடைக்குமா என்று வாப்பாவும் உம்மாவும் கேட்பவை எல்லாம் இடம் பற்றிய கேள்விகளே. இவற்றை அச்சத்தால் அன்றி அளவையால் அணுக முடியுமா? முடியும் என்கிறது புவியியல். கிழக்குப் பல்கலைக்கழகத்தை உதாரணமாகக் கொண்டு அதனைப் பார்ப்போம்.

இடத்தரவு என்றால் என்ன?

ஒரு பொருளின் பெயரோடு அது பூமியில் இருக்கும் இடத்தையும் குறித்தால் அது இடத்தரவு ஆகிறது. இடத்தை அகலாங்கு, நெட்டாங்கு என்ற இரு எண்களால் குறிக்கிறோம். கைத்தொலைபேசி குறைந்தது 4 செய்மதிகளின் சமிக்ஞைகளைப் பெற்று இவ்வெண்களைக் கணிக்கிறது. ஒரு பாகை அகலாங்கு ஏறத்தாழ 111 கிலோமீற்றர். நமது பகுதியில் ஒரு பாகை நெட்டாங்கு ஏறத்தாழ 110 கிலோமீற்றர். இவ்விரண்டும் தெரிந்தால் பைதகரசின் தேற்றம் கொண்டே இரு இடங்களுக்கிடையிலான தூரத்தைக் கணித்துவிடலாம்.

ஒரு பல்கலைக்கழகத்தின் புவியியல் தடத்தை மூன்று படைகளாகப் பிரித்து நோக்கலாம். கட்டடங்கள் எங்கே உள்ளன என்பது முதலாவது. மாணவர் எங்கிருந்து வருகின்றனர் என்பது இரண்டாவது. அவர்கள் எவ்வாறு வந்து சேர்கின்றனர் என்பது மூன்றாவது.

முதலாம் படை: கட்டடங்கள்

1981 ஓகஸ்ட் 1 அன்று மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிய இந்நிறுவனம், 1986 ஒக்டோபர் 1 முதல் கிழக்குப் பல்கலைக்கழகம் ஆனது. அதன் பிரதான வளாகம் வந்தாறுமூலையில் உள்ளது. சுகாதார பராமரிப்பு விஞ்ஞான பீடம் மட்டக்களப்பிலும், சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் கல்லடியிலும், திருகோணமலை வளாகம் கோணேசபுரியிலும் அமைந்துள்ளன.

வந்தாறுமூலை கிட்டத்தட்ட 7.80 பாகை வடக்கு, 81.58 பாகை கிழக்கு. கோணேசபுரி கிட்டத்தட்ட 8.65 வடக்கு, 81.21 கிழக்கு. அகலாங்கு வேறுபாடு 0.85; அது ஏறத்தாழ 94 கிலோமீற்றர். நெட்டாங்கு வேறுபாடு 0.37, அது ஏறத்தாழ 41 கிலோமீற்றர். எனவே நேர்கோட்டுத் தூரம் 100 கிலோமீற்றருக்குச் சற்று அதிகமாகும். பெயர் ஒன்றுதான், ஆனால் "கிழக்குப் பல்கலைக்கழகம் கிடைத்திருக்கிறது" என்பது ஏறாவூர் மாணவிக்கு அயலூரையும் குறிக்கலாம், அடுத்த மாவட்டத்தையும் குறிக்கலாம்.

இந்த நான்கு இடங்களின் எண்களையும் கூட்டி நான்கால் வகுத்தால் வருவது சராசரி மையம். செய்து பாருங்கள்: அது வாழைச்சேனைக்கு வடக்கே, கடற்கரையை ஒட்டி விழும். அங்கே ஒரு விரிவுரை மண்டபமும் இல்லை! கணக்கு சரியாக இருந்தாலும் அதன் பொருளை நாமே ஆராய வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

இரண்டாம் படை: மாணவர் வரும் இடங்கள்

நமது நாட்டில் பல கற்கைநெறிகளுக்கான அனுமதி 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்டக் குடித்தொகை அடிப்படையிலும், 5 சதவீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகிறது. எனவே அனுமதித் தரவுகளில் மாவட்டமே முக்கிய அலகாக நிற்கிறது.

ஆனால் மாவட்டம் மிகப் பெரிய அலகு. அம்பாறை மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். தெற்கே பொத்துவில், வடமேற்கே தெஹியத்தகண்டிய. இவற்றுக்கிடையே நேர்கோட்டில் மட்டும் 100 கிலோமீற்றருக்கு மேல். ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் கல்முனைப் பிள்ளைக்கு அண்மையது. தெஹியத்தகண்டியப் பிள்ளைக்கு அவ்வாறன்று. ஆயினும் அட்டவணையில் இருவரும் "அம்பாறை" என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றனர். பிரதேச செயலாளர் பிரிவு வாரியாகத் தரவைப் பிரித்துப் புள்ளியிட்டால்தான் எந்த ஊர்கள் வெறுமையாகக் கிடக்கின்றன என்பது தெரியவரும்.

மூன்றாம் படை: வந்து சேரும் வழி

மூதூரையும் கோணேசபுரியையும் வரைபடத்தில் ஒரு கோட்டால் இணையுங்கள். 25 கிலோமீற்றருக்கும் குறைவு. ஆனால் அந்தக் கோடு கொட்டியாரக் குடாவின் மேலாகச் செல்கிறது. தரைவழியே செல்பவர் குடாவைச் சுற்றிக் கிண்ணியா ஊடாகவே போக வேண்டும். முன்னர் அவ்வழியில் 'பாதை' எனப்படும் மிதவைப் படகுக்குக் காத்திருக்க நேர்ந்தது. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மூதூரின் அகலாங்கு மாறவில்லை; வளாகத்தின் நெட்டாங்கும் மாறவில்லை. ஆயினும் பல்கலைக்கழகம் மூதூருக்குக் கிட்ட வந்தது. ஒரு பாலமே அதன் தடத்தை விரித்தது. இதனால்தான் ஆய்வாளர்கள் தூரத்தோடு நேரத்தையும் அளக்கின்றனர். வளாகத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் சென்றடையக்கூடிய இடங்களை எல்லாம் இணைத்து வரையும் கோடு சமநேரக் கோடு எனப்படும். காலையில் ஒரு கோடும், கடைசி விரிவுரை முடிந்த மாலையில் ஒரு கோடும் வரைந்தால் இரண்டும் ஒன்றாக இருக்காது. மாலை பஸ் இல்லாத ஊர் கோட்டுக்கு வெளியே போய்விடும். ஆண் மாணவர் சைக்கிளிலோ நண்பனின் மோட்டார் சைக்கிளிலோ வீடு சேர்வார். மாணவிக்கு அந்த பஸ்ஸே பல்கலைக்கழகம்.

ஓர் எச்சரிக்கை

இடத்தரவு ஓர் அமானிதம். ஒரு மாணவியின் வீட்டைப் புள்ளியாகக் காட்டும் வரைபடம் தீயோர் கையில் சிக்கினால் என்னவாகும்? எனவே தனி வீடுகளைக் குறிக்காமல், பிரிவு வாரியாகத் தொகுத்த எண்ணிக்கையையே வெளியிட வேண்டும். ஓரிருவர் மட்டுமே உள்ள பிரிவுகளை அயற் பிரிவோடு சேர்த்துவிட வேண்டும். நமது நாட்டின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இத்தகைய தகவல்களைக் காக்கவே இயற்றப்பட்டது.

நாமும் செய்யலாம்

கியூஜிஐஎஸ் என்ற மென்பொருளும் ஓப்பன் ஸ்ட்ரீட் மப் என்ற வரைபடமும் இலவசமாகக் கிடைக்கின்றன. கணினி இல்லையெனில் நில அளவைத் திணைக்கள வரைபடம், நூல், அளவுகோல், பஸ் நேர அட்டவணை ஆகியவையே போதும். நமது கல்லூரியிலிருந்து பல்கலைக்கழகம் சென்ற சகோதரிகளின் ஊர்களைத் தொகுத்து, பயண நேரத்தையும் எழுதிப் பாருங்கள். புவியியல் மன்றத்துக்கு இதைவிட நல்ல செயற்றிட்டம் வேறேது?

"தூரம்" என்ற ஒரு சொல்லால் எத்தனையோ அனுமதிக் கடிதங்கள் அலுமாரிக்குள் மடித்து வைக்கப்பட்டுள்ளன. அளக்காத தூரம் ஓர் அச்சம். அளந்த தூரம் ஒரு கணக்கு. கணக்கென்றால் அதற்குத் தீர்வும் தேடலாம்: இன்னும் ஒரு விடுதி, மாலை ஐந்தரைக்கு ஒரு பஸ், ஒரு பாலம். அப்போது விவாதம் "பிள்ளையை அனுப்பலாமா?" என்பதிலிருந்து "பஸ்ஸை யாரிடம் கேட்பது?" என்பதற்கு மாறும். நாம் கற்கும் புவியியல் அந்த மாற்றத்துக்கு உதவட்டும், இன்ஷா அல்லாஹ்.