கார் ஷெட் தரையின் பழைய பூச்சை அகற்றுதல்

ரேணிகுண்டாவில் ரயில்வே பணியிலிருந்து ஓய்வு பெற்ற வாடிக்கையாளர் ஒருவர், தமது நிரந்தர வைப்பைத் தவணைக்கு முன்பே முடித்துக்கொள்ள வந்திருந்தார். காரணம் கேட்டோம். "கார் ஷெட் தரைக்கு மூன்றாவது முறையாகப் பெயின்ட் அடிக்க வேண்டும், சார்" என்றார். முன்பு அடித்த இரண்டும் உரிந்துவிட்டன. அவர் அழைத்ததன் பேரில் அத்தரையை நேரில் சென்று பார்த்தோம்.

டயர் நிற்கும் நான்கு இடங்களிலும் பூச்சு வட்ட வட்டமாகப் பெயர்ந்திருந்தது. சித்திரை வெயிலில் ஓடிவந்த வண்டியின் டயர் சூடாக இருக்கும். அதிலுள்ள எண்ணெய்த்தன்மையான பொருள்கள் கசிந்து பூச்சை இளக்கும். டயர் குளிர்ந்து இறுகுகையில், பிடிப்பற்ற பூச்சைத் தன்னோடு இழுத்துக்கொள்ளும். ஆனால் சுவரோரத்திலும் கொப்புளங்கள் தென்பட்டன. அங்கே டயர் ஏறியதே இல்லை. பெயர்ந்த ஏடு ஒன்றைத் திருப்பிப் பார்த்தபோது இரண்டு பூச்சுகளும் ஒன்றாக ஒட்டியிருந்தன. அதாவது, இரண்டாவது பூச்சில் குறையில்லை. அது பிடித்துக்கொண்டிருந்த முதற்பூச்சுதான் கான்கிரீட்டை விட்டு விலகியிருந்தது. மேலே எத்துணை விலையுயர்ந்த எபாக்சியை அடித்தாலும், அதன் ஆயுள் அடியிலுள்ள பழைய பூச்சின் பிடிப்பைப் பொறுத்ததே.

ஆகவே சுரண்டத் தொடங்குமுன் காரணத்தை அறிவது நலம். ஓரடிச் சதுர இடத்திற்குச் சற்று அதிகமாகப் பூச்சை நீக்கிக் கான்கிரீட்டை வெளிப்படுத்தி, அதன்மேல் சுமார் 45 சென்டிமீட்டர் சதுரமான பாலிதீன் தாளை விரித்து, நான்கு ஓரங்களையும் டேப்பினால் காற்றுப்புகாமல் ஒட்டவேண்டும். குறைந்தது 16 மணி நேரம் கழித்துத் தாளின் அடியில் நீர்த்துளிகள் நின்றாலோ, கான்கிரீட் கறுத்திருந்தாலோ, மண்ணிலிருந்து ஈரம் மேலேறுகிறது என்று கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்யும் இப்பகுதியில், கோடையில் மட்டும் இச்சோதனையைச் செய்து நிம்மதியடைவது சரியன்று.

பூச்சின் வகையை அறிய, தின்னரில் நனைத்த பஞ்சைச் சில நிமிடங்கள் அதன்மேல் வைத்தால் போதும். சாதாரணத் தரை பெயின்ட் இளகிப் பஞ்சில் ஒட்டும். நன்கு இறுகிய எபாக்சி அசையாது. முன்னதைப் பட்டி பிளேடும் பெயின்ட் ரிமூவரும் கொண்டு எடுக்கலாம். பின்னதற்கு அரைத்தல் ஒன்றே நம்பத்தக்க வழி.

ரிமூவர் வாங்கும்போது டப்பாவில் மெத்திலீன் குளோரைடு என்ற பெயர் உண்டா என்று பார்க்கவும். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. ஷட்டர் மூடிய ஷெட்டில், குனிந்து வேலை செய்பவரின் முகத்தருகே தேங்கும். உடலுக்குள் சென்றால் ஒரு பகுதி கார்பன் மோனாக்சைடாக மாறும். அமெரிக்காவில் வீட்டு உபயோக ரிமூவர்களில் அதன் விற்பனையை 2019-இல் தடை செய்தனர்.

பலரும் கேட்பது ஆசிட்டைப் பற்றி. கழிவறைக்கு ஊற்றும் ஆசிட் சிமென்ட்டைத்தான் அரிக்கும். பெயின்ட்டை ஒன்றும் செய்யாது. அதன் புகை வண்டியையும் கருவிகளையும் துருப்பிடிக்கச் செய்வதே மிச்சம்.

அரைப்பதற்குக் கை கிரைண்டரில் டைமண்ட் கப் வீல் பொருத்துவர். இடம் பெரிதாயின், மொசைக் பாலிஷ் போடுவோர் வைத்திருக்கும் இயந்திரத்தையே வாடகைக்கு அமர்த்தலாம். ஆனால் கான்கிரீட்டை அரைக்கும்போது பறக்கும் தூளில் படிகச் சிலிக்கா உள்ளது. 1997-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அதனைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் சேர்த்தது. மத்தியப் பிரதேசத்தின் மந்தசௌரில் சிலேட்டுப் பென்சில் அறுத்த தொழிலாளர் பலரின் நுரையீரலைச் சிதைத்த சிலிக்கோசிஸ் நோயும் இத்தகைய தூளால் வருவதே, அதற்கு மருந்தில்லை. முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒருவர் நம் வீட்டில் இவ்வேலையைச் செய்வதை நாம் அனுமதிக்கலாகாது. கூலி பேசும்போதே, தண்ணீர் விட்டு அரைப்பதையோ, தூள் உறிஞ்சும் உறையும் வேக்குவமும் இணைப்பதையோ, அதற்குரிய முகக்கவசத்தையும், செலவுக் கணக்கில் சேர்த்துவிட வேண்டும். பூச்சு பழையதாயின் ஈயமும் இருக்கலாம்: வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தை 90 பிபிஎம் அளவுக்குள் கட்டுப்படுத்தும் இந்திய விதிகள் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான்.

தண்ணீர் விட்டு அரைத்தால் சேறு மிஞ்சும். அது காரத்தன்மையுடையது, கையுறையின்றித் தொட்டால் தோல் புண்ணாகும். சாக்கடையில் விட்டால் அடைத்துக்கொள்ளும். டிரம்மில் தெளியவிட்டு, உலர்ந்த கட்டியை மூட்டை கட்டி அகற்றுவது எளிது.

வேலை முடிந்ததை அறிய, தரையில் ஆங்காங்கே தண்ணீரைத் தெளித்துப் பார்க்கவும். முத்தாக நின்றால் பூச்சோ எண்ணெயோ மிச்சமுள்ளது. பரவி உள்ளிழுத்தால் கான்கிரீட் திறந்துவிட்டது.

நம் வாடிக்கையாளர் பாலிதீன் தாளை ஒட்டிய மறுநாட் காலை, அடியில் நீர் முத்து முத்தாக நின்றது. தரைக்குக் கீழே ஈரத்தடுப்புத் தாள் போடாமல் கட்டிய ஷெட் அது. மூன்றாம் பூச்சு வேண்டாமென்றார். பழையதை அரைத்து நீக்கி, சிமென்ட் கலவையில் பார்க்கிங் டைல்ஸ் பதிக்கத் தீர்மானித்தார். எபாக்சியின்மேல் கலவை பிடிக்காதாதலால் அரைக்கும் செலவு அதற்கும் தேவைதான். அத்தொகை சேமிப்புக் கணக்கிலேயே இருந்தது; வைப்பை முடிக்கும் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.